கையால் கட்டிய டிஸ்டார்ஷன் பெடல் ஒலி தராதபோது

கிட்டார் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷன் பெடலைக் கட்டிவிட்டீர்கள். பைபாஸில், அதாவது பெடலை மிதிக்காதபோது, கிட்டார் கேட்கிறது, மிதித்தால் எல்இடி எரிகிறது, ஒலி மட்டும் வரவில்லை. இந்த இடத்தில் பலரும் முதலில் ஐசியைத்தான் மாற்றுகிறார்கள். தயவுசெய்து எதையும் கழற்றாதீர்கள். முதலில் மீட்டர், அப்புறம்தான் சால்டர் அயர்ன்.

வீட்டில் அதிகம் கட்டப்படும் எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு 741 ஐசி, 9 வோல்ட். மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து பின் 7-ஐ (ஐசியின் ஏழாவது காலை) தொட்டால் 9 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். பின் 4-இல் சுழி. பின் 6-இல் ஏறத்தாழ 4.5. பின் 6 சரியாக இருந்தால் ஐசி பிழைத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அது மேலே 8 வோல்ட் பக்கமோ கீழே 1, 2 வோல்ட் பக்கமோ ஒட்டிக்கொண்டிருந்தால் பயாஸ் (ஐசியை நடுவில் நிறுத்தும் 4.5 வோல்ட்) கிடைக்கவில்லை, அல்லது எங்கோ இரண்டு இணைப்புகள் ஒன்றாகியிருக்கின்றன.

பின் 3-ஐ அளக்கும்போதுதான் ஏமாந்துபோவோம். அங்கேயும் 4.5 இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள், மீட்டரோ 1.8 காட்டும். பெடலில் தவறே இல்லை. இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்கள் 9 வோல்ட்டைப் பாதியாக்குகின்றன, அங்கிருந்து இன்னொரு 1 மெகா ஓம் பின் 3-க்குப் போகிறது. டிடி830 வகை மலிவு மீட்டரின் உள்தடையே 1 மெகா ஓம்தான். மீட்டரை வைத்த உடனே அந்த வோல்டேஜை அது இழுத்துவிடுகிறது. 10 மெகா ஓம் மீட்டரில் அதே இடம் 3.9 காட்டும். ஆகவே பின் 6-ஐ நம்புங்கள், பின் 3-ஐ வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

*

வெரோ போர்டில் (செம்புப் பட்டைகள் வரிவரியாக ஓடும் ஓட்டைப் பலகை) கட்டியவர்கள் ஐசியை சாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு 1–8, 2–7, 3–6, 4–5 ஆகிய ஜோடிகளை மீட்டரின் பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் கத்தும்) வைத்துப் பாருங்கள். ஒன்றுகூடக் கத்தக் கூடாது. ஐசியின் இரு பக்கத்தையும் பிரிக்க டிரில் பிட்டைக் கையால் திருகிச் செம்புப் பட்டையை வெட்டும்போது, ஓட்டையின் ஓரத்தில் மயிரிழை அகலத்துக்குச் செம்பு மிச்சம் நின்றுவிடும். சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் அது தெரியும். 2–7 வெட்டுப்படாமல் இருந்தால் பின் 2-க்கு நேராக 9 வோல்ட் போய் பின் 6 கீழே விழுந்து கிடக்கும். எல்லா வெட்டுகளையும், பக்கத்துப் பக்கத்து வரிகளுக்கு நடுவிலும் ஒருமுறை கத்தி முனையால் கீறிவிடுவது நல்லது.

இன்னொன்று, 741 இருக்க வேண்டிய சாக்கெட்டில் டிஎல்072, 4558 எதையும் செருகக் கூடாது. எட்டுக் கால்தான் என்றாலும் அவை இரட்டை ஆப்-ஆம்ப் (ஒரே ஐசிக்குள் இரண்டு பெருக்கிகள்), கால்களின் வேலையே வேறு. மாற்று வேண்டுமென்றால் டிஎல்071 நேராகப் பொருந்தும்.

*

வோல்டேஜ் எல்லாம் சரி, ஒலிதான் இல்லை என்றால் ஆடியோ புரோப் (ஒலி எதுவரை வருகிறது என்று தொட்டுக் கேட்கும் கம்பி) இல்லாமல் நகரவே முடியாது. செய்வது எளிது. 104 என்று அச்சிட்ட 100 நானோ ஃபேரட் கெப்பாசிட்டரின் ஒரு காலை, ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கேபிளின் நடுக்கம்பியில் சால்டர் செய்யுங்கள். மற்ற கால்தான் தொடும் முனை. கேபிளின் வெளிப்பின்னலை முதலைக் கிளிப் வைத்துப் பெடலின் கிரவுண்டில் மாட்டுங்கள். ஆம்ப் வால்யூம் குறைவாகவே இருக்கட்டும். கிட்டாருக்குப் பதில் போனிலிருந்து ஒரு பாட்டை உள்ளே விட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும்.

உள்ளே வரும் ஜாக்கில் தொடங்கி ஒவ்வொரு பாகத்துக்கும் முன்னால் ஒரு தொடுதல், பின்னால் ஒரு தொடுதல். 10 நானோ கெப்பாசிட்டரைத் தாண்டி பின் 3 வரை ஒலி வந்து, பின் 6-இல் சத்தம் ஒரே தாவலாக ஏற வேண்டும். கெயினை (பெருக்கும் அளவை) முழுக்கத் திருகினால் 1 மெகா ஓமை 4.7 கிலோ ஓமால் வகுத்து ஒன்று கூட்டினது, அதாவது சுமார் 214 மடங்கு. பின் 6-இல் ஒலி இருக்கிறது, ஆனால் பின் 3 அளவுதான், கெயினைத் திருகினாலும் மாறவில்லை என்றால் பின் 2-இலிருந்து 47 நானோ, 4.7 கிலோ, பாட் (கெயின் குமிழ்) வழியாகக் கிரவுண்டுக்குப் போகும் பாதை எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் பாட்டின் கால்தான். 4.7 கிலோவுக்கு (மஞ்சள், ஊதா, சிவப்பு) பதிலாக 470 கிலோ (மஞ்சள், ஊதா, மஞ்சள்) ஏறியிருந்தாலும் கெயின் படுத்துவிடும். நீல நிற ஐந்து பட்டை ரெசிஸ்டர்களில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலவே தெரியும், சால்டர் செய்யும் முன் அளந்துவிடுங்கள்.

டையோடு இருக்கும் முனைக்கு வந்ததும் சத்தம் சட்டென்று விழும். பயப்பட வேண்டாம். ஜெர்மானியம் டையோடுகள் அதை 0.3 வோல்ட்டுக்கு வெட்டுகின்றன, அதுதான் அவற்றின் வேலை. 1என்4148 போட்டால் 0.6 வோல்ட் வரை விடும், பெடல் இன்னும் உரக்கக் கேட்கும். அந்த முனையில் முழு மௌனம் என்றால் மீட்டரை டையோடு நிலையில் வைத்து இரு பக்கமும் அளக்க வேண்டும். இரண்டும் எதிரெதிராக இருப்பதால் ஜெர்மானியத்தில் இரு திசையிலும் 0.3-ஐ ஒட்டி வரணும். இரு பக்கமும் சுழி என்றால் ஒன்று ஷார்ட். ஜெர்மானியம் டையோடு சூடு தாங்காது, காலைக் குறடால் பிடித்துக்கொண்டுதான் சால்டர் வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எண் வந்தால் இரண்டும் ஒரே திசையில் ஏறியிருக்கின்றன, அல்லது ஒன்று அறுந்திருக்கிறது.

*

எல்இடி கூட எரியாதவர்களுக்கு: பேட்டரியோடு வரிசையில் மில்லி ஆம்பியர் மீட்டரை வைத்துப் பாருங்கள். 4.7 கிலோ போட்ட எல்இடிக்கு 1.5, ஐசிக்கு அதே அளவு, ஆக 3, 4 மில்லி ஆம்பியர். சுழி என்றால் இன்புட் ஸ்டீரியோ ஜாக்கைப் பாருங்கள். பேட்டரியின் கறுப்புக் கம்பி ஜாக்கின் ரிங்கில் (நடு இணைப்பு) இருக்க வேண்டும், மோனோ பிளக் நுழையும்போதுதான் ரிங்கும் ஸ்லீவும் (கிரவுண்ட் இணைப்பு) சேரும். 20-ஐத் தாண்டினால் உடனே கழற்றிவிடுங்கள், எங்கோ ஷார்ட்.

*

ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் ஃபஸ் ஃபேஸ் (இரண்டு டிரான்சிஸ்டர் கொண்ட இன்னொரு டிஸ்டார்ஷன் பெடல்) கட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது கசிவு, அதாவது பேஸில் எதுவும் தராதபோதே ஓடும் மின்னோட்டம். ஏசி128 (அந்த வகை டிரான்சிஸ்டர்) கையில் கிடைத்ததும் மீட்டரின் எச்எஃப்இ (கெயின் அளக்கும்) ஓட்டையில் செருகி வரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது, அதில் கசிவும் கலந்திருக்கிறது. பெடல் சர்க்யூட்கள் பற்றி எழுதிவந்த ஆர்.ஜி. கீன் பரப்பிய முறைதான் சரி. எமிட்டரை 9 வோல்ட் பிளஸ்ஸில் வைத்து, கலெக்டரிலிருந்து 2.472 கிலோ ஓம் வழியாக மைனஸுக்கு விடுங்கள். பேஸ் எதிலும் படாமல் இருக்கும்போது அந்த ரெசிஸ்டரின் குறுக்கே 0.5 வோல்ட் வந்தால் கசிவு 200 மைக்ரோ ஆம்பியர். பிறகு பேஸை 2.2 மெகா ஓம் வழியாக மைனஸில் மாட்டுங்கள். வோல்ட்டை நூறால் பெருக்கினால் கெயின், ஆனால் 1.3 வந்தால் 130 இல்லை, கசிவின் 0.5 கழித்து 80தான் உண்மையான கெயின். முதல் டிரான்சிஸ்டருக்கு இது நல்ல அளவு. இரண்டாவதற்கு 110, 120 தேடுங்கள்.

விரலால் பிடித்துச் செருகிய உடனே அளந்தால் எண் நழுவிக்கொண்டே இருக்கும். விரல் சூடே போதும், ஆறவிட்டு எடுங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் கசிவு ஏறத்தாழ இரட்டிக்கும். ஏசி அறையில் சரிசெய்த ஃபஸ், சென்னை மே மாதத் திறந்தவெளி மேடையில் கரகரத்து நின்றுவிடுவது இதனால்தான். 8.2 கிலோ ரெசிஸ்டர் இருக்கும் இடத்தில் 20 கிலோ டிரிம்மர் (திருகி மாற்றும் சிறு ரெசிஸ்டர்) போட்டு, இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரை 4.5-க்குக் கொண்டுவரும்படி வைத்துக்கொண்டால் மேடையிலேயே திருத்தலாம். ஏசி128 போன்ற பிஎன்பி வகை என்றால் பிளஸ்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாட்டினால் சப்ளை ஷார்ட் ஆகும், தனி பேட்டரி கொடுங்கள்.

*

மறுபடி டிஸ்டார்ஷன் பிளஸ்: கெயின் முழுக்க வைத்தால் வீல் என்று கத்துகிறதா? இன்புட் கம்பியும் அவுட்புட் கம்பியும் பக்கத்தில் ஓடுகின்றன, 214 மடங்கில் அது போதும். இன்புட்டுக்கு ஷீல்டு வயர், பின்னலை ஒரு முனையில் மட்டும் கிரவுண்ட் செய்யுங்கள். பின் 7-க்கும் 4-க்கும் நடுவே ஐசியை ஒட்டி ஒரு 100 நானோ. அடாப்டரில் மட்டும் கீச்சென்று கேட்டு பேட்டரியில் மறைந்தால் குற்றம் பெடலில் இல்லை. சப்ளையில் 100 ஓம் வரிசையிலும், அதை அடுத்துக் கிரவுண்டுக்கு 100 மைக்ரோ ஃபேரடும் போட்டால் பெரும்பாலும் அடங்கும், 0.4 வோல்ட்தான் குறையும்.