குடும்பக் கதையை வரிசை எண் மறுத்தால் எதை நம்புவது?

நூல்கண்டு:
எங்கள் வீட்டில் சிங்கர் மிதி தையல் இயந்திரம் ஒன்று இருக்கிறது. அது கொள்ளுப்பாட்டிக்கு 1912-இல் திருமணப் பரிசாக வந்தது என்று மூன்று தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். சென்ற வாரம் தூசி தட்டியபோது, தலைப்பகுதியின் அடித்தட்டில் பொறித்திருந்த வரிசை எண் 'ஒய்' என்ற எழுத்தில் தொடங்குவதைக் கவனித்தேன். அந்த எழுத்து ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலைக்கு உரியது என்றும், 1920-களின் தொடக்கத்தில்தான் புழக்கத்துக்கு வந்தது என்றும் தேடித் தெரிந்துகொண்டேன். இதைச் சொன்ன நாளிலிருந்து பெரியப்பா என்னோடு பேசுவதில்லை. நான் ஆராய்ந்திருக்கவே கூடாதோ?

தேய்மானம்:
ஆராய்ந்தது சரிதான். பழம்பொருட்களைச் செப்பனிடுவது என் தொழில். என்னிடம் வரும் பொருட்களில் பாதிக்கு மேல் அவற்றோடு வரும் கதையைவிட வயதில் இளையவை. பொருள் தன் வயதைத் தானே சொல்லும். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்குவதால், நூறாண்டு கடந்த வட்ட மேசையை அளந்தால் அது வட்டமாக இருக்காது. ஒரு பக்கத்து விட்டம் சற்றுக் குறைந்திருக்கும். எல்லாப் பக்கமும் கச்சிதமாக இருந்தால் எனக்கு ஐயம் வந்துவிடும். லண்டனில் முத்திரையிடப்பட்ட வெள்ளியில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து 1478 முதல் இருக்கிறது. பழைய பைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியால் பார்த்தால், பழுது பார்த்தவர்கள் ஊசிமுனையால் கீறிய எழுத்துகளும் தேதிகளும் தெரியும். ஒரே மூடியில் நான்கு கைகளின் கீறல்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனை சாட்சிகள் இருக்கும்போது வாய்வழக்கை மட்டும் நம்பி மதிப்புச் சொல்ல முடியாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: சிங்கர் இயந்திரங்கள் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தயாரானவை என்பதால், 1912 ஆனாலும் 1922 ஆனாலும் சந்தையில் பெரிய வேறுபாடு இல்லை.

வாய்மொழி:
சந்தையில் வேறுபாடு இல்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், ஐயா. அப்படியானால் அந்தப் பெரியவரின் மனத்தை நோகடித்து அடைந்த பயன் என்ன? விற்கப்போகாத பொருளுக்கு மதிப்பீட்டாளர் எதற்கு? மேலும், இரும்புக் காலும் மேசையும் வேறு, தலைப்பகுதி வேறு. தேய்ந்த தலையைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பழைய மேசையில் பொருத்திக்கொள்வது அரிதன்று. மேசை 1912-இல் வந்து, தலை மட்டும் பின்னர் மாறியிருக்கலாமே? ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் நினைவையே பொய் என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தேய்மானம்:
தலை மாறியிருக்கலாம் என்பது நல்ல கேள்வி. அதை நான்தான் முதலில் எழுப்பியிருக்க வேண்டும். எண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு: அது அந்த எண்தொகுதி ஆலைக்கு ஒதுக்கப்பட்ட காலத்தைக் காட்டுமே தவிர, விற்ற நாளைக் காட்டாது. ஆனால் நினைவைப் பொய் என்று நான் சொல்லவில்லை. சோதிக்காமல் அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். நூல்கண்டு அவர்களே, மேசையின் இழுப்பறைகளை முழுவதுமாக வெளியே உருவி, அவற்றின் அடியையும் பின்புறத்தையும் பாருங்கள். தலையில் உள்ள பொன்னிறச் சித்திரங்களை மட்டும் ஆல்கஹால் கலந்த எதைக் கொண்டும் துடைக்காதீர்கள். பழைய இயந்திரங்களின் மேற்பூச்சு அரக்கு. ஆல்கஹால் பட்டதும் கரைந்து சித்திரத்தையும் கொண்டுபோய்விடும். தையல் எண்ணெய் தொட்ட மெல்லிய துணி போதும்.

நூல்கண்டு:
வலப்பக்கத்துக் கீழ் இழுப்பறைக்கும் பின்பலகைக்கும் இடையில் ஓர் அட்டை செருகிக் கிடந்தது. தவணை அட்டை. அதில் எழுதியுள்ள இயந்திர எண், தலையில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. முதல் தவணை 1926-இல் கட்டப்பட்டிருக்கிறது. வாங்கியவர் பெயர் கொள்ளுப்பாட்டியுடையது. கொள்ளுத்தாத்தா 1924-இலேயே காலமாகிவிட்டார்.

வாய்மொழி:
இதைப் படித்துச் சற்று நேரம் எழுதத் தோன்றவில்லை. கணவரை இழந்தபின் தைத்துப் பிழைக்க, கடனுக்கு வாங்கிய இயந்திரம் அது. கடன் என்று பிள்ளைகளிடம் சொல்ல மனமில்லாமல் திருமணப் பரிசு என்று சொல்லியிருப்பார். அப்படியானால் உங்கள் குடும்பக் கதை வெறும் பிழையன்று. தன் மானத்தைக் காத்துக்கொள்ள ஒருவர் தேர்ந்தெடுத்த சொல். அதையும் அழிக்காமல் எழுதி வையுங்கள்.

தேய்மானம்:
பொறுங்கள். சற்று முன் எண்ணை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள் என்று என்னைத் தடுத்தவர், இப்போது ஓர் அட்டையை வைத்து ஒரு பெண்ணின் மனத்துக்குள்ளேயே போய்விட்டீர்கள். சிங்கர் நிறுவனம் 1856 முதலே தவணைக்கு விற்றுவந்தது. வசதி உள்ளவர்களும் அப்படி வாங்கியதுண்டு. பரிசாக வந்த முதல் இயந்திரம் பழுதாகி, இது இரண்டாவதாக வந்திருக்கவும் கூடும். அட்டை சொல்வது இவ்வளவுதான்: இந்தத் தலையை, இன்னார், இந்த ஆண்டில், தவணைக்கு வாங்கினார். மற்றது உங்கள் ஊகம். அழகான ஊகம் என்பதால்தான் அதிகம் அஞ்சுகிறேன்; இன்னும் இருபது ஆண்டுகளில் அதுவே குடும்பக் கதையாகிவிடும்.

வாய்மொழி:
ஊகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊகிக்காமல் இருந்தால் அது வெறும் இரும்பும் மரமும்தானே, ஐயா?

நூல்கண்டு:
இருவருக்கும் நன்றி. ஒரே தாளில் இரண்டு பத்திகளாக எழுதி, அட்டையோடு உறையிலிட்டு அதே இழுப்பறையில் வைத்துவிட்டேன்: ஒன்றில் யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்பது, மற்றொன்றில் எண்ணும் அட்டையும் சொல்வது. வாய்மொழி அவர்களின் ஊகத்தை இரண்டிலும் சேர்க்கவில்லை.

உறையை ஒட்டுவதற்கு முன் அட்டையைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். திருமணத்தைப் பற்றியோ ஆண்டைப் பற்றியோ ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "கடைசித் தவணையைக் கட்டிவிட்டாரா?" என்று மட்டும் கேட்டார். கட்டிவிட்டார் என்று சொல்லி, கடைசி வரியைச் சுட்டிக்காட்டினேன்.