மடிபா 94-ல பண்ணதும் ராமபோசா இப்ப பண்றதும் ஒண்ணா?

உம்லாங்கா_வாசி

எல்லாருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிக்காரன், தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து மூணு வருஷம் ஆச்சு. வந்ததுல இருந்து பாக்குறேன், கரண்ட் போனாலும் சரி, பெட்ரோல் விலை ஏறினாலும் சரி, ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் "மடிபா இருந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க (மண்டேலாவ இங்க மடிபான்னு தான் கூப்பிடுறாங்க). 2024 எலெக்ஷன்ல மண்டேலாவோட கட்சி ஏஎன்சி 40 சதவீதத்துக்கு வந்து, அதுவரை முக்கிய எதிர்க்கட்சியா இருந்த டிஏவையும் இன்னும் சில கட்சிகளையும் சேத்து ஜனாதிபதி ராமபோசா ஆட்சி அமைச்சாருல்ல, அதுக்கு வச்ச பேரே 94-ல மண்டேலா ஆட்சிக்கு இருந்த அதே "தேசிய ஐக்கிய அரசு". இது நெசமாவே அவர் காட்டின வழியா, இல்ல தோத்துட்டு பழைய பேரை எடுத்து ஒட்டிக்கிட்டதா? இங்கயே பொறந்து வளந்தவங்க சொல்லுங்க, கூகுள்ல படிச்சா ஒண்ணும் வெளங்கல.

சாட்ஸ்வொர்த் அக்கா

தம்பி, நல்ல கேள்வி கேட்டீங்க. என் தமிழ் ஆயா கிட்ட கேட்டு வந்த தமிழ், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க.

94-ல எல்லா இனத்து ஆளுங்களும் முதல் தடவையா சேந்து ஓட்டு போட்டப்ப எனக்கு 19 வயசு. ஆயாவ பிடிச்சுக்கிட்டு காலையில இருந்து வரிசையில நின்னோம், ஆயா வீட்டுல இருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் தூக்கிட்டு வந்து ரெண்டு அடிக்கு ஒருக்கா நகத்தி நகத்தி உக்காந்தாங்க. 84-ல இந்தியருக்குன்னு தனி சபை வச்சு எலெக்ஷன் நடத்துனப்ப எங்க வீட்டுல யாரும் போகல, அதனால ஆயாவுக்கு அதுதான் முதல் ஓட்டு. ஆனா ஒரு உண்மை சொல்லணும், அந்த தடவை சாட்ஸ்வொர்த்ல நம்ம ஆளுங்க நிறைய பேர் கறுப்பர் ஆட்சி வந்தா என்ன ஆகுமோங்கிற பயத்துல, நிறவெறி ஆட்சி நடத்தின நேஷனல் பார்ட்டிக்கு தான் போட்டாங்க, இப்ப கேட்டா எல்லாரும் மடிபாவுக்கு போட்டேன்னுவாங்க 😄

அந்த பயத்தை அவர் எப்படி எடுத்தாருன்னா, எங்க மாமாவை வச்சே சொல்றேன். ரக்பின்னா மாமா எப்பவும் நியூசிலாந்து பக்கம் தான், அப்ப இந்தியரும் கறுப்பரும் நிறைய பேர் அப்படித்தான், நம்ம நாட்டு டீம் ஸ்பிரிங்பாக் ஜெர்சின்னாலே வெள்ளைக்காரன் சட்டை. 95 ஜூன் 24 எல்லிஸ் பார்க் ஃபைனல், டிவி முன்னாடி உக்காந்து நியூசிலாந்துக்கு கத்திட்டு இருந்தாரு, மடிபா அதே பச்சை சட்டைய போட்டு 6-ம் நம்பரோட கிரவுண்டுக்குள்ள வந்தாரு பாருங்க, மாமா கையில இருந்த பன்னி சாவை (பிரெட்டுக்குள்ள கறி வச்சது) அப்படியே வச்சிட்டு பேச்சே இல்ல. 15-12ல ஜெயிச்சப்ப எழுந்து கத்தினவரும் அவருதான்.

ராமபோசாவும் 2019-ல யோகோஹாமா, 2023-ல பாரிஸ்னு போய் கப்பு தூக்கினாரு, டிசம்பர் 15 லீவும் விட்டாரு. ஆனா எங்க மாமா மாதிரி ஆளை அது மாத்தல, ஏன்னா அப்ப மாத்துறதுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_வக்கீல்

அக்கா சொன்ன ரக்பி கதை சரி, ஆனா 94 ஆட்சிய மடிபாவோட பெரிய மனசுன்னு மட்டும் பாக்காதீங்க, அது சட்டத்துலயே இருந்துச்சு. இடைக்கால அரசியல் சட்டப்படி 20 சீட்டு வாங்கின கட்சிக்கு மந்திரி பதவி கேக்க உரிமை, 80 சீட்டுன்னா துணை ஜனாதிபதி. நேஷனல் பார்ட்டிக்கு 82 வந்துச்சு, அதோட தலைவர் டி கிளர்க் துணை ஜனாதிபதி ஆனாரு, ஏஎன்சி 252 சீட்டு வச்சிருந்தும் கொடுத்துத்தான் ஆகணும். அந்த சட்டத்தை பேசி முடிச்சதுல ஏஎன்சி பக்கம் முக்கியமான ஆளு யாரு? ராமபோசா! அதனால தம்பி, பழைய பேரை ஒட்டிக்கிட்டாருன்னு சொன்னா பாதி தான் சரி, அந்த பேருக்கு பின்னாடி அவரோட உழைப்பும் இருக்கு. 2024-ல எந்த சட்டமும் கட்டாயப்படுத்தல, மெஜாரிட்டி இல்லாம 159 சீட்டுங்கிற கணக்கு தான் கட்டாயப்படுத்துச்சு.

மடிபாவோட மனசு தெரியணும்னா இன்காத்தா கட்சித் தலைவர் புத்தெலெசிய பாருங்க. இந்த நேட்டால்ல ஏஎன்சி ஆளும் இன்காத்தா ஆளும் வெட்டிக்கிட்டு செத்தது ஆயிரக்கணக்குல, அந்த இன்காத்தா தலைவரை உள்துறை மந்திரி ஆக்கினது சட்டம்னே வச்சுக்கலாம், ஆனா தான் வெளிநாடு போறப்ப அவரையே தற்காலிக ஜனாதிபதியா உக்கார வச்சுட்டு போனது எந்த சட்டத்துல இருக்கு?

இன்னொண்ணு, எனக்கு இதுதான் பெருசு. 97-ல ரக்பி சங்கத்தை விசாரிக்க மடிபா கமிஷன் போட்டாரு, சங்கம் கோர்ட்டுக்கு போச்சு, 98-ல ஜட்ஜ் ஜனாதிபதியையே நேர்ல வரச் சொன்னாரு. வேண்டாம்னு சொன்னவங்க இருந்தாங்க, இருந்தும் பிரிட்டோரியா கோர்ட்டுல போய் சாட்சி சொன்னாரு. கேஸும் தோத்தாரு. அடுத்த வருஷம் தான் அரசியல் சட்ட கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு கொடுத்து, அவரை கூப்பிட்டிருக்கவே கூடாதுன்னு சொல்லுச்சு. இப்ப முன்னாள் ஜனாதிபதி சூமாவ நினைச்சுப் பாருங்க, ஊழல் விசாரணை கமிஷனுக்கு வரமாட்டேன்னு நின்னு 15 மாச தண்டனை வாங்கினாரு, அதுக்கப்புறம் 2021 ஜூலைல நம்ம ஊர் பத்தி எரிஞ்சுது, நாடு முழுக்க 350 பேருக்கு மேல செத்தாங்க. அதே கமிஷன் முன்னாடி அதே வருஷம் ஆகஸ்ட்ல பதவியில இருந்துக்கிட்டே ராமபோசா போய் உக்காந்து பதில் சொன்னாரு. மடிபா சாயல் எங்கன்னு கேட்டா நான் ஜெர்சிய காட்டமாட்டேன், அந்த நாற்காலிய காட்டுவேன்.

டோங்காட்_தம்பி

வக்கீல் அண்ணா ரொம்ப பாலிஷ் போடுறீங்க. 2012-ல மரிகானால 34 சுரங்க தொழிலாளிங்கள போலீஸ் சுட்டுச்சு, அந்த சுரங்க கம்பெனி போர்டுல இருந்தவர் இந்த ராமபோசா. விசாரணை கமிஷன் அவர் மேல பழி இல்லைன்னுச்சு, சரி, ஆனா 82-ல சுரங்க தொழிலாளர் சங்கத்தை கட்டினவரே அந்தப் பக்கம் போய் உக்காந்தாருன்னு நினைச்சா எனக்கு மனசு ஒப்பல. கூட்டணியும் எப்படி ஓடுதுன்னு பாத்தோமே, 2025-ல வாட் வரிய அரை சதவீதம் ஏத்துறதுக்கு கூட்டாளி டிஏவே கோர்ட்டுக்கு போய் கடைசில வாபஸ் வாங்க வச்சாங்க. அப்புறம் மடிபா ஒரே டேர்ம்ல 99-ல தானா எறங்கினாரு. அதை யாரு ஃபாலோ பண்ணாங்க? அடுத்து ஜனாதிபதியா வந்த எம்பெக்கியையும் அப்புறம் வந்த சூமாவையும் கட்சி பிடிச்சு இறக்குச்சு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_வக்கீல்

டேர்ம் விஷயத்துல பதில் இல்ல தம்பி, ஒத்துக்கிறேன். ஆனா கோர்ட்டுக்கு கூட்டாளி போனதை நான் குத்தமா பாக்கல. 96-ல நேஷனல் பார்ட்டிக்கு பிடிக்கலன்னதும் ஆட்சிய விட்டே வெளிய போயிட்டாங்க. இவங்க சண்டை போட்டுட்டு உள்ளயே இருந்தாங்கல்ல.

உம்லாங்கா_வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கோர்ட் கதை சுத்தமா தெரியாது. அக்கா, ஒரு சந்தேகம், 2023 ஃபைனலும் நியூசிலாந்து கூட தானே, மாமா யார் பக்கம்?

சாட்ஸ்வொர்த் அக்கா

12-11 தம்பி, ஒரே ஒரு பாயிண்ட்! நம்ம பக்கம் தான், ஆனா நியூசிலாந்து டீம் மேட்சுக்கு முன்னாடி ஆடுற ஹாக்கா ஆரம்பிச்சா மட்டும் டிவி சவுண்டை ஏத்தச் சொல்லுவாரு. இனாண்டா உங்களுக்கு பக்கம் தானே, ஓஹ்லாங்கே ஸ்கூல்ல தான் மடிபா 94-ல ஓட்டு போட்டாரு, ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய் பாத்துட்டு வாங்க.