மிண்டெலோவிலிருந்து பார்படோஸ்: தண்ணீர், காய்கறி எவ்வளவு ஏற்றுவது?

கேள்வி: 12 மீட்டர் பாய்மரப் படகு, 4 பேர். கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸ், கேப் வெர்டி தீவுகளின் மிண்டெலோ, பிறகு அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியனில் உள்ள பார்படோஸ். கடைசிக் கட்டம் மட்டும் சுமார் 2,000 கடல் மைல். ஃபிரிட்ஜ் சின்னது. தண்ணீர், காய்கறிக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

நங்கூரம் (பதில்): ஒரு நாளைக்கு 125 கடல் மைல் என்றால் 16 நாள். காற்று விழுந்தால் பயணம் இழுத்துக்கொண்டே போகும், 24 நாளுக்கு ஏற்றுங்கள். குடிக்க, சமைக்க ஆளுக்குத் தினம் 4 லிட்டர், மொத்தம் 384. அத்தனையையும் ஒரே தொட்டியில் நிரப்பாதீர்கள், தயவுசெய்து. மூடி வழியாகக் கடல்நீர் கசிந்தால் எல்லாம் போச்சு. கால்பங்காவது கேனில் இருக்கட்டும். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துவிட்டு, கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீர் விட்டால் போதும்.

கொண்டல் (பதில்): அட்டைப்பெட்டியைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், மடிப்புக்குள் கரப்பான் முட்டை இருக்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு தனித்தனி வலைப்பையில், காற்றோட்டமாக. முட்டைக்கோஸை வெட்டாமல் வெளி இலையாக உரித்தெடுத்தால் வாரக்கணக்கில் தாங்கும். கோழிமுட்டை ஃபிரிட்ஜில் வைக்காததாகக் கேட்டு வாங்குங்கள். குளிர்ந்தது வெளியே வந்தால் ஓடு வேர்த்துச் சீக்கிரம் கெடும்.

நங்கூரம்: இன்னொன்று. பின்காற்றில் பாய்க்கயிறு இரவும் பகலும் ஒரே இடத்தில் உரசும். தினமும் ஒரு சாண் தளர்த்தியோ இழுத்தோ இடம் மாற்றுங்கள், இல்லையென்றால் நடுவழியில் அறுந்துவிடும்.