சாலையில் படுத்திருந்த மாட்டில் பைக் மோதி கால் முறிவு: யார் மீது வழக்குப் போடுவது?

புறவழிச்சாலை:
இரவு 9 மணி, நகராட்சி எல்லைக்குள் தெருவிளக்கு எரியாத இடம். நடுரோட்டில் படுத்திருந்த கறுப்பு மாட்டின் மேல் பைக் மோதி, ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிவு. மாட்டுக்காரர் யாரென்று தெருவுக்கே தெரியும், ஆனால் அவர் "என் மாடு இல்லை" என்கிறார். நகராட்சி ஸ்டேஷனைக் காட்டுகிறது, ஸ்டேஷன் நகராட்சியைக் காட்டுகிறது. பொறுப்பு யாருக்கு? இழப்பீடு கேட்க என்ன வழி?

கறுப்புக்கோட்டு:
மாட்டுக்காரர், நகராட்சி இருவருக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் கேட்கும் இடம் வேறு வேறு.

மாட்டுக்காரர் மீது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291 (பழைய இ.பி.கோ. 289). தன் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம் இது, அதனால் "நகராட்சிக்குப் போங்க" என்பது சரியான பதில் இல்லை. புகாரை எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகார் பெற்றதற்கு ஸ்டேஷன் தரும் ரசீது) வாங்குங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த அபராதம் பொதுவாக அரசுக்குப் போகிறது. நகராட்சி மாட்டைப் பிடித்துப் பட்டியில் அடைத்து வசூலிக்கும் தொகையும் அப்படித்தான். அடிபட்டவருக்கு இழப்பீடு வேண்டுமென்றால் முக்கிய வழி சிவில் வழக்குதான். மாடு மோட்டார் வாகனம் இல்லையே, மாட்டுக்காரரை மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு இழுக்க முடியாது.

கால்நடை_மருந்தகம்:
"என் மாடு இல்லை" என்பதை உடைக்க முதலில் காதைப் பாருங்கள். 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் காது வில்லை இருக்கும். எண் தெளிவாகத் தெரிய ஒரு படம், மாட்டின் முழு உருவம், கொம்பு, நெற்றிச் சுட்டி தெரிய இன்னொரு படம். அந்த எண்ணை வைத்து, மாடு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கால்நடைத் துறை பார்க்கலாம். நீங்கள் போய்க் கேட்பதைவிட போலீஸ் எழுத்தில் கேட்பதே நீதிமன்றத்தில் நிற்கும்.

ஒரு சிக்கல்: மாடு கைமாறியபின் பலர் பதிவை மாற்றுவதில்லை, பழைய உரிமையாளர் பெயரே வரும். வில்லையை அறுத்துவிடுவதும் உண்டு, அப்போது காதில் துளை மட்டும் இருக்கும். அந்த மாட்டை யார் கறக்கிறார், பால் எந்தச் சங்கத்துக்குப் போகிறது என்று சொல்ல அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சி பிடித்துவையுங்கள். தாமதித்தால் மாடு விற்கப்பட்டுவிடும்.

பாலிசி_பார்ப்பவர்:
பைக்குக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தால் வண்டிச் சேதம் கிடைக்கும். வெறும் தேர்டு பார்ட்டி என்றால் கிடைக்காது. இன்ஷூரன்ஸ் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் பார்க்கும் முன் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான், குணமாகிவிடும் முறிவுக்கு இல்லை. மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) வாங்கும்போது "மாட்டில் மோதி" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "தவறி விழுந்து" என்று இருந்தால் பின்னால் எல்லாமே தடுமாறும்.

புறவழிச்சாலை:
நகராட்சியை எப்படிச் சேர்ப்பது? நாய் குறுக்கே வந்திருந்தால்?

கறுப்புக்கோட்டு:
"மாடு திரிந்தது" என்பது மட்டும் போதாது, நகராட்சிக்குத் தெரிந்தும் சும்மா இருந்தது என்று காட்ட வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றைக் கேளுங்கள்: அந்தச் சாலை பற்றி ஓராண்டில் வந்த மாட்டுப் புகார்கள், பிடித்த மாடுகளின் பதிவேடு, அந்தக் கம்பத்தின் விளக்குப் பழுது புகார். 30 நாளில் பதில் வர வேண்டும். உள்ளாட்சி மீது வழக்கென்றால் முன் நோட்டீஸும் குறுகிய காலக்கெடுவும் குறுக்கே வரும், எனவே முதல் மாதத்திலேயே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.

அது தேசிய நெடுஞ்சாலையாக இருந்தால் பொறுப்பு சாலை அமைப்புக்கும் போகும். நெடுஞ்சாலைகளிலிருந்து மாடுகளை அகற்றச் சொல்லி 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மாடு நிற்பதைப் பார்த்தவுடன் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குச் சொல்லி, புகார் எண்ணைக் குறித்துவையுங்கள்.

தெருநாய்க்கு உரிமையாளர் கிடையாது. 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சியின் கடமை. அங்கே 291 பயன்படாது, உள்ளாட்சி மீது உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான்.