கிரீன் டீ: காய்ச்சுவதா, வடிப்பதா, ஊறவிடுவதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தேயிலையை வெந்நீரில் போட்டுச் சற்று நேரம் அப்படியே விட்டுவைப்பதை ஆங்கிலத்தில் ‘ஸ்டீப்பிங்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று இந்த இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். என் வாக்கு ‘ஊறல்’ என்ற சொல்லுக்கு. காரணம் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

> டீ என்றாலே காய்ச்சுவதுதானே? ‘காய்ச்சும் நேரம்’ என்று போட்டால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். காய்ச்சு என்று படித்தவர் தண்ணீரை அடுப்பில் வைத்து, இலையைப் போட்டு, தளதளவென்று கொதிக்க விடுவார். கறுப்புத் தேயிலை அதை ஓரளவு தாங்கும். கிரீன் டீ தாங்காது. இலையில் இருக்கும் காட்டெக்கின்கள் என்ற வேதிப்பொருள்கள் துவர்ப்பும் கசப்பும் தருபவை, காஃபீனும் கசப்பு. தண்ணீரின் சூடு ஏற ஏற இவை இரண்டும் வேகவேகமாக வெளியே வரும். நாக்குக்கு இதமான சுவை தரும் தியனைன் போன்ற அமினோ அமிலங்களோ 60 பாகை (செல்சியஸ்) வெந்நீரிலேயே நன்றாகக் கரைந்துவிடும். அதனால்தான் ஜப்பானிய கிரீன் டீ வகைகளில் சென்சாவுக்கு 70 முதல் 80 பாகை, நிழலில் வளர்த்த கியோகுரோவுக்கு 50 முதல் 60 பாகை என்று சொல்கிறார்கள். கொதிநீரில் போட்டால் இதமான சுவை இருந்தும் தெரியாது, துவர்ப்பு அதை மூடிவிடும். ‘எனக்கு கிரீன் டீ பிடிக்காது’ என்பவர்களில் பலர் குடித்தது கொதித்துக் கெட்ட தேநீராகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம். சொல்லே ‘காய்ச்சு’ என்று ஏவினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று: மொழிபெயர்ப்பவர்கள் எல்லாவற்றையும் ‘கசப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். நாக்கையும் கன்னத்தையும் இழுத்துப் பிடிக்கும் உணர்வுக்கு அறுசுவையிலேயே துவர்ப்பு என்று தனிச்சொல் வைத்திருக்கிறோம். கிரீன் டீ பற்றி எழுதும்போது அதை விட்டுவிட வேண்டாம்.

> ‘டிகாஷன் இறங்கிடுச்சா’ என்கிறோம். அப்படியானால் ‘இறக்குதல்’?

வந்ததிலேயே பேச்சுக்கு மிக நெருக்கமான சொல் இதுதான். சாரம் இறங்குவது என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் சமையல் குறிப்பில் ‘இறக்கவும்’ என்று வந்தால் அடுப்பிலிருந்து எடு என்று அர்த்தம். ‘ஒரு நிமிடம் இறக்கவும்’ என்று பொட்டலத்தில் அச்சடித்தால் பாதிப் பேர் இலையை அடுப்பில் ஒரு நிமிடம் வைத்துவிட்டுத்தான் இறக்குவார்கள். மறுபடியும் கொதிநீருக்கே வந்துவிடுகிறோம்.

‘வடித்தல்’ வேண்டாம் என்பதற்குக் காரணம் வேறு. அந்தச் சொல் நமக்கு இன்னொரு வேலைக்குத் தேவை. நேரம் ஆனதும் தேநீரைக் கடைசிச் சொட்டு வரை கோப்பையில் வடித்துவிட வேண்டும். அடியில் கொஞ்சம் தங்கிவிட்டால் இலை அதில் கிடந்து துவர்ப்பை விட்டுக்கொண்டே இருக்கும், அடுத்த முறை ஊற்றும் தண்ணீரும் கெடும். ஊறுவது ஒரு படி, வடிப்பது அடுத்த படி. இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் செய்முறையே எழுத முடியாது.

சரி, ஊறலுக்கு வருகிறேன்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் இலையைப் போட்டு, ஆறிய வெந்நீரை ஊற்றிப் பாருங்கள். முதலில் ஊசி ஊசியாக மிதக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு கனத்துச் சாயும். சுருண்டது பிரியும், காம்பு தெரியும், இலையின் பல்விளிம்பு தெரியும். அதே நேரத்தில் இலையைச் சுற்றி வெளிர்மஞ்சளாக ஒரு கோடு கசிந்து கீழே இறங்கும். தண்ணீர் உள்ளே போகிறது, சாரம் வெளியே வருகிறது. தமிழில் ‘ஊறு’ இந்த இரண்டையும் சொல்கிறது: பருப்பு ஊறினால் தண்ணீர் உள்ளே போகிறது, கேணி ஊறினால் தண்ணீர் வெளியே வருகிறது. இப்படி இருவழியும் போகும் சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு ஒட்டவைக்க வேண்டும்?

சித்த மருத்துவத்திலும் காய்ச்சி வற்றவைப்பதைக் குடிநீர் என்றும், காய்ச்சாமல் ஊறவைத்து எடுப்பதை ஊறல் குடிநீர் என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். நாம் தேடும் வேறுபாடு இதுவேதான்.

> ஊறல் என்றால் செய்தித்தாளில் வரும் சாராய ஊறல்தான் நினைவுக்கு வருகிறது. ‘ஊறு’ என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே.

முன்னால் ‘தேயிலை’ என்ற சொல் நின்றால் சாராயம் நினைவுக்கு வராது. தீங்கு என்ற பொருளைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. ஊறுகாயை யாரும் தீங்கான காய் என்று படிப்பதில்லை. அதே வினைத்தொகை முறையில் ஊறுநேரம், ஊறுவெப்பம் என்று எடுத்துக்கொண்டே போகலாம். ஊறவைத்தல் என்றால் இரவெல்லாம் வைப்பதாகத் தோன்றும் என்ற கருத்தில் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் பக்கத்திலேயே நேரத்தை எழுதுகிறோம்.

சொல் கிளைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், நல்ல கிரீன் டீயை ஒரு தடவையோடு கொட்டிவிடுவதில்லை. இரண்டு, மூன்று முறை தண்ணீர் ஊற்றலாம். அது முதலூறல், மறுவூறல். மறுவூறலில் இலை ஏற்கெனவே விரிந்திருப்பதால் சில நொடிகளே போதும். குளிர்ந்த நீரில் போட்டு ஃபிரிட்ஜில் சில மணி நேரம் வைத்தால் குளிரூறல்; அதில் துவர்ப்பு மிகக் குறைவு.

இலையை வாங்கும்போதும் இந்தச் சொற்கள் உதவும். பறித்த இலை ஆக்சிசனேற்றம் அடைந்து கறுக்காமல் இருக்க உடனே சூடுகாட்டுகிறார்கள்: ஜப்பானில் பெரும்பாலும் ஆவியில் அவித்து, சீனாவில் பெரும்பாலும் சட்டியில் வறுத்து. அதிகம் அவித்தது நொறுங்கியிருக்கும், அரை நிமிடத்திலேயே ஊறிவிடும். சீனாவின் லோங்ஜிங் வகை போல முழு இலையாக வறுத்தது 80 பாகையில் இரண்டு மூன்று நிமிடம் கேட்கும். பைகளில் வருவது பெரும்பாலும் தூள் என்பதால் ஊறுநேரம் குறைவு. ஹோஜிச்சா என்ற ஜப்பானிய வகை மட்டும் விதிவிலக்கு: நன்றாக வறுபட்டுப் பழுப்பானது, கொதிநீரே ஊற்றலாம். எதுவானாலும் காற்றும் வெளிச்சமும் புகாத உறையில், சமீபத்தில் அடைத்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

அப்புறம், ‘பச்சைத் தேயிலை’ பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் பறித்த ஈர இலைக்கே அந்தப் பெயர் இருப்பதால் பதப்படுத்திய பொருளை இப்போதைக்கு கிரீன் டீ என்றே விட்டுவிடலாம். அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

பொட்டலத்தில் போட என் வரைவு இது:

‘2 கிராம் இலை, 150 மி.லி. நீர். ஊறுவெப்பம் 75 பாகை. முதலூறல் 1 நிமிடம், மறுவூறல் 20 நொடி. முழுதும் வடித்துவிடவும். வெப்பமானி இல்லையென்றால் கொதித்த நீரை இரண்டு மூன்று முறை பாத்திரம் மாற்றி ஊற்றி ஆறவிடவும்.’

‘ஊறுவெப்பம்’ வேண்டாம், ‘ஊறுசூடு’ போதும் என்பவர்கள் சொல்லுங்கள். எனக்கு இரண்டும் சம்மதம்.