ஏதென்ஸில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு: கிரேக்கத்தைத் தமிழ் வழியாகப் பழகுங்கள்

கிரேக்கத்தை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். ஆங்கில எழுத்தில் அச்சிட்ட கையேடுகளை ஒதுக்கிவிட்டு, சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகுங்கள் என்பேன். 'இங்கே' என்று பொருள்படும் 'எதோ'வின் தகரம், 'அது' என்னும்போது நாம் மெலிதாக ஒலிக்கும் தகரத்தை ஒட்டியது. 'நான்' என்று பொருள்படும் 'எகோ'வின் ககரமும் 'அகம்' என்பதன் ககரத்துக்கு அருகில் இருப்பதே. ஆங்கில வழியில் படித்தவர்கள்தாம் இவற்றை 'எடோ', 'எக்கோ' என்று கடினமாக்கிவிடுகிறார்கள்.

நமக்குப் புதிது அசையழுத்தம். முதல் அசையை அழுத்தி 'போத்தே' என்றால் 'எப்போது'; கடைசி அசையை அழுத்தினால் 'ஒருபோதும் இல்லை'. குடியிருப்பு அனுமதி அட்டை எப்போது கிடைக்கும் என்று ஓர் அலுவலகத்தில் கேட்கப்போய், அது ஒருபோதும் கிடைக்காது என்று நானே அறிவித்துவிட்டு நின்றேன். சாளரத்துக்கு அப்பால் இருந்த அம்மையார் சிரித்துவிட்டுத் தேதியைத் தாளில் எழுதித் தந்தார்.

மரியாதை விஷயத்தில் நமக்குச் சிரமமே இல்லை. நண்பருக்கும் சிறுவருக்கும் 'யா சூ', பெரியவருக்கும் அறிமுகமில்லாதவருக்கும் 'யா சஸ்' என்று வணக்கம் சொல்வார்கள். நம் 'நீங்கள்' போலவே இங்கும் பன்மைதான் மரியாதைக்கு உரியது. விளி வேற்றுமையும் உண்டு: கண்ணன் 'கண்ணா' ஆவதுபோல, யோர்கோஸைக் கூப்பிடும்போது ஈற்று மெய் கெட்டு 'யோர்கோ' ஆகிவிடும். 'பராக்கலோ' ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பல வேலைகள் முடியும். தயவுசெய்து என்பதும், நன்றிக்கு மறுமொழியும், கடைக்காரர் 'என்ன வேண்டும்' என்பதும், தொலைபேசியை எடுத்தவுடன் சொல்வதும் அதுவே.

'நே' என்றால் ஆம், 'ஓஹி' என்றால் இல்லை; இந்தி தெரிந்தவர்கள் சில வாரங்களாவது தடுமாறுவீர்கள். பலர் 'ஓஹி'யைக்கூடச் சொல்லாமல், புருவத்தை உயர்த்தித் தலையைச் சற்றே பின்னால் சாய்த்து 'ச்' என்று நாக்கைக் கொட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதைச் சம்மதம் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம்.

பாடத்தில் படித்த சொல் பலகையில் இல்லையே என்று திகைப்பவர்கள் இம்மொழியின் இரட்டை வழக்கை அறிந்துகொள்ள வேண்டும். பழமையைத் தழுவி ஆக்கப்பட்ட 'கத்தரேவுசா' என்னும் உயர்வழக்குக்கும் மக்களின் பேச்சுவழக்குக்கும் இடையே நடந்த பூசல் சாதாரணமானதன்று. நற்செய்தி நூலைப் பேச்சுவழக்கில் பெயர்த்ததற்காக 1901இல் இதே ஏதென்ஸில் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. 1976இல்தான் பேச்சுவழக்கு கல்விமொழி ஆனது. செந்தமிழையும் பேச்சுத்தமிழையும் ஒருசேரச் சுமந்து வளர்ந்த நமக்கு இது எளிதில் புரியும். இன்றும் ரொட்டியைக் கேட்கும்போது 'ப்ஸொமி' என்பார்கள், ஆனால் அடுமனைப் பலகையிலோ 'ஆர்த்தோஸ்' என்ற பழஞ்சொல்லிலிருந்து பிறந்த 'ஆர்த்தோப்பியீயோ' இருக்கும்; கதவில் 'தள்ளுக' என்பதற்கு 'ஓதீசத்தே' என்று எழுதியிருப்பார்கள், வாயால் சொல்லும்போது 'ஸ்ப்ரோக்ஸ்தே' என்பார்கள்.

கடைசியாகத் தெருச்சந்தையைப் பற்றி ஒன்று. ஐந்து எலுமிச்சை வேண்டுமென்று விரல்களை விரித்து உள்ளங்கையைக் கடைக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டிவிடாதீர்கள். அது 'மூட்சா' என்னும் கடும் வசை. கையைக் கீழே வைத்துக்கொண்டு, 'பெந்தே, பராக்கலோ' என்று வாயால் கேளுங்கள்.