தூசி உறிஞ்சியும் சூப்பர் பஜாரும்: தில்லித் தமிழர்களின் ஞாபகங்கள்

துவாரகாவிலிருந்து (முன்பு நேதாஜி நகரில் குடியிருந்தேன்)

தில்லியில் வளர்ந்தவர்களுக்குத் தூசியைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மே, ஜூனில் ராஜஸ்தான் பக்கமிருந்து ஆந்தி என்கிற புழுதிப் புயல் கிளம்பினால் நடுப்பகலில் வானம் செம்மண் நிறமாகிவிடும். ஜன்னலை இறுகச் சாத்தினாலும், வெயிலில் காய்ந்து சுருங்கிய மரச்சட்டத்தின் இடுக்கு வழியாகத் தூசி உள்ளே வரும். ஊரிலிருந்து ரயிலில் கொண்டுவந்த இலவம்பஞ்சு மெத்தை, பவானி ஜமக்காளம், டிரங்குப் பெட்டிமேல் விரித்த துணி என்று எதையும் விடாது. இந்த ஊரில் வேக்குவம் கிளீனர் ஆடம்பரப் பொருள் இல்லை என்று நான் இன்றும் வாதாடுவேன். உங்கள் வீட்டுக்கு முதல் மெஷின் எப்படி வந்தது, அந்தக் காலத்துப் பெரிய கடைகளில் என்ன வாங்கினீர்கள் என்று எல்லோரும் எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு அது வந்தது எண்பதுகளின் நடுவில். விற்றது யுரேகா ஃபோர்ப்ஸ், 1982இல் ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸோடு கூட்டாகத் தொடங்கப்பட்ட நிறுவனம். வீடு வீடாகப் போய் இயக்கிக் காட்டி விற்பது எலக்ட்ரோலக்ஸின் பழைய வழக்கம். அதே முறை இங்கேயும் வந்தது. நேதாஜி நகர் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில் பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஜூன் வெயிலிலும் கழுத்தில் டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்து நின்றார். "வாங்க வேண்டாம் பாபிஜி, பார்த்தால் போதும்" என்றார். அப்பா அலுவலகத்தில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நானும்தான்.

ஒரு வெள்ளைக் கைக்குட்டை கேட்டார். அம்மா, அப்பாவுக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். குழாயின் வாயில் அதைப் போர்த்தி, மெத்தையின்மேல் ஒரு முறை மெதுவாக இழுத்தார். கைக்குட்டையை விரித்துக் காட்டியபோது நடுவில் குழாய் வாயின் அளவுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். வாரம் தவறாமல் வெயிலில் போட்டுத் தடியால் அடித்து எடுக்கிற மெத்தை அது. அம்மா கைக்குட்டையை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கேள்விமேல் கேள்வி கேட்டார். கரண்ட் எவ்வளவு இழுக்கும், பையை எப்படி உதறுவது, குளிர்காலத்தில் குழாய் விறைத்து வெடிக்குமா, பழுதானால் யார் வருவார்கள். அந்த இளைஞர் மூடியைத் திறந்து, பையைக் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

அது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. ரேடியோ, மின்விசிறி, டிவி எல்லாம் அப்பா கடைக்குப் போய்ப் பேரம் பேசிக் கொண்டுவந்தவை. ஒரு மெஷினை அம்மாவுக்கு எதிரே பிரித்துப் போட்டு விளக்கிச் சொன்னதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வாங்கலாம் என்று முடிவுசெய்தவரும் அவர்தான். மாலையில் வந்த அப்பாவுக்குக் காசோலையில் கையெழுத்துப் போடும் வேலை மட்டுமே மிச்சமிருந்தது.

அந்தக் கைக்குட்டைக்கு இன்னொரு கதையும் உண்டு. 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர், ஓர் உணவகத்து நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார் என்று சொல்வார்கள். துணியின் அடிப்பக்கம் கறுத்திருந்ததைக் கண்ட பிறகே தன் மெஷினைச் செய்தாராம். குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, நீளக் குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடும் அளவுக்குப் பெரியது அது.

முனீர்காவிலிருந்து

எங்கள் வீட்டில் வாங்கியதற்குக் காரணம் அப்பாவின் இழுப்பு. துடைப்பத்தை எடுத்தாலே அவருக்கு மூச்சு முட்டும். அம்மா பெருக்கி முடிக்கும்வரை பால்கனியில் போய் உட்கார்ந்திருப்பார், டிசம்பர் குளிரிலும்.

இதற்குப் பொருத்தமான செய்தி ஒன்று. கையில் தூக்கிச் செல்லக்கூடிய மின்சார வேக்குவம் கிளீனருக்கு 1908இல் காப்புரிமை பெற்ற ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்லரும் ஆஸ்துமாக்காரர்தான். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கேன்டன் நகரில் ஒரு பெரிய பல்பொருள் கடையில் துப்புரவு வேலை பார்த்தவர். கம்பளம் பெருக்கும்போது எழுந்த தூசி தாங்காமல், மின்விசிறி மோட்டாரையும் துடைப்பக் கட்டையையும் தலையணை உறையையும் சேர்த்து ஒன்றைச் செய்தார். அந்த உரிமை பிறகு ஹூவர் குடும்பத்தின் கைக்குப் போனது. உலகம் முழுக்க அவர்கள் பெயர்தான் நிலைத்தது. ஸ்பாங்லர் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டேன்.

கரோல் பாக்கிலிருந்து

தம்பி, பெரிய கடை என்றால் எங்கள் தலைமுறைக்குச் சூப்பர் பஜார்தான். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், விலைவாசி ஏறியது. அடுத்த மாதமே கன்னாட் பிளேஸில் கூட்டுறவு முறையில் சூப்பர் பஜார் திறந்தது. நான் மத்திய அரசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. துணி, சோப்பு, மருந்து, பாத்திரம், மளிகை எல்லாம் ஒரே கட்டிடத்தில், எழுதி ஒட்டிய விலையில் கிடைத்தன. கரோல் பாக் கடைத்தெருவில் இந்தியில் பேரம் பேசத் தெரியாமல் தவித்த புதுக் குடித்தனக்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். சம்பளம் வந்த வாரம் குடும்பத்தோடு பஸ் ஏறிவிடுவோம்.

என் மனைவி தஞ்சாவூர்க்காரி. தில்லிக் குளிரைக் கேள்விப்பட்டிருந்தாளே தவிர அனுபவித்ததில்லை. கம்பளி நூல் விற்கும் பகுதியில் ஒரு பஞ்சாபிப் பெண்மணி இருந்தார். இவள் நூல்கண்டை எடுத்து எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு, "பின்னத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றதும், வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு ஊசிகளை எடுத்து முதல் வரிசையைப் போட்டுக் காட்டினார். என் மார்பளவைக் கண்ணாலேயே பார்த்து எத்தனை கண்டு வேண்டும் என்று சொன்னார். எத்தனை முடிச்சில் தொடங்க வேண்டும், அக்குள் பக்கம் எங்கே குறைக்க வேண்டும் என்பதை எல்லாம் ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். வெந்நீரில் துவைக்காதே, கொடியில் தொங்கவிடாமல் தரையில் பரப்பிக் காயவை என்றும் சொன்னார். விற்பனைக்குத் தகுந்த கமிஷன் எதுவும் அவருக்குக் கிடையாது, மாதச் சம்பளம்தான். அடுத்த குளிர்காலத்தில் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அதே இடத்துக்குப் போய் நின்றேன். அவர் எட்டிக் கைப்பகுதியை மடித்து, உள்பக்கத் தையலைப் பரிசோதித்துவிட்டு, மனைவியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

1999இல் அன்சல் பிளாசா என்ற மால் வந்தது. 2002இல் சூப்பர் பஜாரை மூடிவிட்டார்கள். இப்போதைய மால்களில் பொருளுக்குக் குறைவில்லை. ஆனால், ஒரு பொருளை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்தவர் அதன் பக்கத்தில் நிற்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய இழப்பு.

மயூர் விஹாரிலிருந்து

மோட்டார் வேலையில் காலம் கழித்தவன் என்பதால் மெஷினைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கால வேக்குவம் கிளீனரின் சத்தத்தைப் பலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது பேச்சு. பை நிறைந்து காற்றுப் போகாவிட்டால் சுருதி ஏறும். மோட்டார் அதிகமாக உழைக்கிறது என்று வீட்டில் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறானது: உள்ளிருக்கும் விசிறிக்குத் தள்ளுவதற்குக் காற்று இல்லை, சுமை குறைந்து வேகம் கூடுகிறது. அந்தக் காற்றுதான் மோட்டாரைக் குளிரவைக்கவும் வேண்டும் என்பதால், அப்படியே ஓடவிட்டால் கருகிவிடும். சுருதி மாறிய உடனே நிறுத்திப் பையை உதறுகிற வீடுகளில் மெஷின் பல காலம் உழைத்தது.

அடுத்துத் தேய்வது கார்பன் பிரஷ், அதாவது மோட்டாரில் சுழலும் உருளைக்கு மின்சாரத்தைக் கொடுக்கும் கரித்துண்டு. உள்ளே நீலப் பொறி அதிகமாகத் தெரியும், ஒரு காரமான வாடை வரும். அப்போது சாந்தினி சௌக்கில் பாகீரத் பேலஸுக்குப் போவேன். ஒரு காலத்தில் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவின் மாளிகை, இப்போது மின்சாமான்களின் மொத்தச் சந்தை. அங்கே ஒரு சந்துக்கடைப் பெரியவர் பழைய பிரஷை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பெரிய ஒன்றை எடுத்து உப்புத்தாளில் தேய்க்கத் தொடங்குவார். உருளையின் வளைவில் அது அப்படியே படிந்து உட்காரும்வரை தேய்ப்பார். அவர் பிரஷுக்கு வாங்கியது டீ செலவுக்குச் சமமான காசு.

இன்றைய மெஷின்களில் சத்தம் குறைவு, வடிகட்டி நுட்பமானது, மறுக்கவில்லை. ஆனால் பேட்டரி போனால் பல வீடுகளில் மெஷினே குப்பைக்குப் போகிறது. திருகாணி கண்ணுக்குத் தெரிகிற மெஷினைத்தான் நான் மதிக்கிறேன்.

ஆர்.கே.புரத்திலிருந்து

இழையை இப்போதுதான் படித்தேன். மாமியாரின் பழைய யூரோகிளீன் வேக்குவம் கிளீனர் எங்களிடம் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. மயூர் விஹார் அண்ணா, துணிப்பை மட்டும் நைந்துவிட்டது. வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாமா?

மயூர் விஹாரிலிருந்து

தாராளமாகத் தைக்கலாம் அம்மா. மெல்லிய துணி எடுத்துவிடாதீர்கள், தூசி ஊடுருவி மோட்டாருக்குள் போய்விடும். அடர்த்தியான பருத்தி ட்ரில் துணியை ஒரு முறை துவைத்துச் சுருங்கவிட்டு, அதன் பிறகு வெட்டுங்கள். ஓரத்தில் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். வாயிலிருக்கும் ரப்பர் வளையத்தைப் பழைய பையிலிருந்து கிழியாமல் பிரித்தெடுங்கள், அது மறுபடி கிடைப்பது கடினம். தைத்த பையைத் துவைத்தால் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டவும். அளவுக்குப் பழைய பையையும் தையற்கடைக்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.